நண்டுமேட்டு அழுகை அறை

நண்டுமேட்டுக் குப்பத்துத் தாய்சேய் நல விடுதியில் நர்ஸ் ஜெசிந்தா அழுததில் அரசாங்கத்துக்கு எந்த ஆட்சேபமும் இருக்கவில்லை. அழுவதற்கு முன் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதுதான் குற்றம்.

தொப்பியோடு அழக்கூடாது என்பது நர்ஸுகளுக்குள் இருந்த வழக்கம். எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது. பயிற்சியின்போது மூத்தவர்கள் காதோடு சொல்லிக்கொடுப்பார்கள். தொப்பி தலையில் இருக்கும்வரை நீ படுத்திருக்கிறவர்களுக்குச் சொந்தம், கழற்றி வைத்தால் உன் அம்மாவுக்குச் சொந்தம், அழுவதானால் அம்மாவின் பெண்ணாக அழுதுவிட்டு, முகத்தைக் கழுவி, திரும்பக் குத்திக்கொண்டு போய் வேலையைப் பார் என்பார்கள். ஜெசிந்தாவும் அப்படித்தான் செய்தாள். அன்று காலை ரத்னா என்ற மீனவப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. செங்கல்பட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய ஜீப், ஆரோக்கியக் கண்காட்சிக்குப் பந்தல் துணி ஏற்றப் போயிருந்தது. அது வந்து, ரத்னாவை ஏற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் அவள் போய்விட்டாள். ஜெசிந்தா உடலோடு திரும்பி வந்து, உறவுக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு, விடுதியின் படியில் உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு மேலதிகாரி கடலைப் பார்க்க வந்திருந்தார். கடலைப் பார்க்க வந்த இடத்தில் விடுதியையும் பார்த்தால் பயணப்படி கிடைக்கும் என்பதால் உள்ளே எட்டிப் பார்த்தார். தொப்பி இல்லாத நர்ஸைக் கண்டார்.

பணி நேரத்தில் சீருடையின் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்தது ஏன் என்று விளக்கம் கேட்டு ஓலை வந்தது. ஜெசிந்தா மூன்று வாக்கியத்தில் பதில் எழுதினாள். எனக்கு அழுகை வந்தது. இங்கே நான் ஒருத்திதான் இருக்கிறேன். துணைக்கு இன்னொரு நர்ஸ் வேண்டும்.

முதல் வாக்கியம் துறைக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அந்த ஆண்டைத் துறை தாதியர் மனநல ஆண்டாக அறிவித்திருந்தது. மாவட்டத் தாதியர் மனநல அலுவலர் என்று ஒரு பதவி உண்டாக்கி, அதில் நரசிம்மன் என்பவரை உட்கார வைத்திருந்தார்கள். அதற்கு முன்பு அவர் கால்நடைகளின் வாய்நோய்ப் புள்ளிவிவரம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார். பதவிக்கு வந்த நாளிலிருந்து மாவட்டம் முழுக்க அலைந்து மனம் சோர்ந்த ஒரு நர்ஸைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருத்தியும் அகப்படவில்லை. அதிகாரி முன்னால் நின்று எனக்கு மனசு சரியில்லை என்று சொல்லி வேலையை இழக்க யாருக்கும் தைரியம் இல்லை. எல்லோரும் மிகுந்த மகிழ்ச்சியில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, இருப்புக் கொள்ளாமல் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மாவட்டத்தில் ஒரு துயரம்கூட இல்லை என்ற நிலை நீடித்தால் பதவியே போய்விடும் என்று அவர் கலங்கியிருந்தபோதுதான் ஜெசிந்தாவின் கடிதம் மேஜைக்கு வந்தது.

செங்கல்பட்டில் ஏரியைப் பார்த்தபடி இருந்த அவருடைய அலுவலகத்துக்கு ஜெசிந்தா போனாள். வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் அவள் அப்பா சின்னையன் அடுத்தவர் வயலில் கூலிக்கு இருந்து அவளைப் படிக்க வைத்தவர். அவரிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்தபடியே வந்தாள். நரசிம்மன் எழுந்து நின்று நாற்காலி போட்டார். காபி வரவழைத்தார். தொப்பிக் குற்றம் தள்ளுபடி என்றார். பிறகு கேள்விகள் கேட்டார். அழும்போது உட்கார்ந்திருந்தீர்களா, நின்றிருந்தீர்களா. முதலில் எந்தக் கண்ணில் வந்தது. சத்தம் இருந்ததா. அழுது முடித்ததும் பசி எடுத்ததா. பக்கத்து மேஜையில் குமாஸ்தா ராஜேந்திரன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

"சார், ரெண்டாவது நர்ஸ் பத்தி எழுதியிருந்தேன்" என்றாள் ஜெசிந்தா.

"பார்த்தேம்மா. அது நிர்வாகப் பிரிவு. நாம மனசைப் பத்திப் பேசுவோம்."

"ராத்திரி பகல் ஒருத்தியே பார்க்கறதாலதான் சார் மனசு இப்படி ஆகுது."

அவர் மிகுந்த பரிவோடு தலையாட்டினார். காரணத்தைத் தேடிப்போவது பழைய முறை என்றார். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படித்தாராம், அங்கே பெரிய ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகள் தனியாகப் போய் அழுவதற்கென்றே ஓர் அறை இருக்கிறதாம். உள்ளே போனால் அழுகை, வெளியே வந்தால் சேவை. "நம்ம பொண்ணுங்க படிக்கட்டுல உட்கார்ந்து அழறாங்க. காக்கா பார்க்குது, நாய் பார்க்குது. நினைச்சா எனக்கே வெட்கமா இருக்கு. உங்களுக்கு நான் ஒரு கதவு தரப்போறேன், சிஸ்டர்."

ஜெசிந்தா காபி தம்ளரைக் கீழே வைத்தாள். நன்றி சொன்னாள்.

அறை எங்கே என்பதில் கொஞ்சம் சிக்கல் இருந்தது. விடுதியில் இருந்ததே இரண்டு அறைகள். ஒன்றில் மருந்தும் பால்பவுடரும் இருந்தன. இன்னொன்று பிரசவ அறை. புதிதாகக் கட்ட அனுமதி இல்லை. நரசிம்மன் இரண்டையும் சுற்றிப் பார்த்தார். மருந்து தினமும் தேவைப்படும். பிரசவம் அப்படியல்ல, வந்தால் வரும், வராவிட்டால் வராது. மனச்சோர்வோ சுற்றறிக்கையின்படி அன்றாடம் ஏற்படுவது. ஆகவே பிரசவ அறையே அழுகை அறை என்று முடிவாயிற்று. பிரசவ மேஜையை வராந்தாவுக்குக் கொண்டுவந்து, சுற்றித் தார்ப்பாய் கட்டினார்கள். கடற்காற்றில் அது பாய்மரம் மாதிரி உப்பி, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் உள்ளே நடப்பதைக் காட்டியது.

ஆக்சிஜன் சிலிண்டர் மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது. அதையும் வெளியே வைக்கச் சொல்லி ஜெசிந்தா கேட்டாள். வராந்தாவில் வைத்தால் திருடுபோகும் என்றார் ராஜேந்திரன். அதோடு அறையின் இருப்புக் கணக்கில் அதை ஏற்றியாகிவிட்டது. நரசிம்மனுக்கும் அது பிடித்திருந்தது. மூலையில் உயரமாக ஒன்று நின்றால் அறைக்கு ஒரு கம்பீரம் வருகிறது என்றார். அதன்மேல் பூவேலை செய்த துணி போர்த்தினார்கள். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மேசை விசிறி, முத்திரை குத்தி இஸ்திரி போட்ட கைக்குட்டைகள், இழந்த நீரை ஈடுகட்ட ஒரு மண்பானை. சுவரில் அருவி விழுகிற படம் ஒன்று. பார்த்ததும் தானாக வரட்டும் என்று நரசிம்மனே தேடி வாங்கி வந்தது.

அதற்குப் பக்கத்தில் விதிகளை எழுதி மாட்டினார்கள். முழுச் சீருடையில்தான் அழ வேண்டும். ஒருவர் அழும்போது மற்றவர் அழலாகாது. காரணத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். குடும்பம், காதல், உறவினர் மரணம் ஆகியவை ஏற்கத்தக்க காரணங்கள். ஆள் பற்றாக்குறை, மருந்துப் பற்றாக்குறை, வாகனம் வராமை முதலிய துறைசார்ந்த காரணங்களுக்காக அழ அனுமதி இல்லை.

விடுதியின் ஆயா செங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஜெசிந்தா படித்துச் சொன்னாள். அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"இதுல எனுக்கு இன்னா கீது?"

"இது நர்ஸுங்களுக்கு மட்டும், செங்கம்மா. ஆயாவுக்கு இல்ல."

"நல்லதாப் போச்சு. எங்க வூட்டு அடுப்பு எந்த நேரத்துல போனாலும் அழ வுடுது. காரணம் கேக்கறதில்ல" என்று செங்கம்மாள் திரும்பக் கூட்டத் தொடங்கினாள்.

திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து துணை இயக்குநர் அம்மையார் வந்தார். கோவளம் சாலையில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். கூட்டம் வேண்டுமே என்று, பால்பவுடர் தருவதாகச் சொல்லிக் குப்பத்துப் பெண்களைக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள். அழுகை அறை என்ற பலகையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று படித்துச் சொல்ல, செத்தது யார் என்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

அம்மையார் உருக்கமாகப் பேசினார். "நாங்கள் வேலைக்கு வந்த காலத்தில் எங்களுக்கு என்று ஒரு மூலைகூட இல்லை. குளியலறையில் அழுதோம், குழாயைத் திறந்துவிட்டு அழுதோம். மேலதிகாரி ஆன பிறகு எனக்கு அழுகையே வந்ததில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். தனி அறை கிடைத்ததுதான் காரணம். அந்த வசதி கடைசி ஊழியர்வரை போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் கனவு." கைதட்டல் எழுந்தது. பிறகு ரிப்பனை வெட்டி, உள்ளே போய்ச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, ஒரு கைக்குட்டையை எடுத்துக் கண்ணோரத்தில் வைத்தார். புகைப்படக்காரர் இன்னும் கொஞ்சம் சோகமாக என்றார். அம்மையார் இன்னும் கொஞ்சம் சோகமானார்.

கூட்டத்தின் ஓரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்வதம் உட்கார்ந்திருந்தாள். அவள் செத்துப்போன ரத்னாவின் தங்கை. வயிற்றில் இருந்தது தலைச்சன் பிள்ளை. அக்கா போன வழியில் தானும் போவோம் என்று உறுதியாக நம்பியவள். முதல் மாதங்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. புருஷன் மாயவனோடு பேசுவதையும் நிறுத்தியிருந்தாள். கடலில் வெளிச்சம் தெரிகிறது, அக்கா கூப்பிடுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா வேலை முடித்துத் தினமும் அவள் வீட்டுக்குப் போய் மணலில் உட்கார்வாள். பெரிதாக எதுவும் பேசமாட்டாள். வலை பின்னுவதைப் பார்ப்பாள், கருவாடு காயப்போடுவதைப் பார்ப்பாள், நிலா ஏறுகிறவரை இருந்துவிட்டு எழுந்து வருவாள். ஒருநாள் பார்வதம் தானாகவே கேட்டாள், எனக்கு எங்கே பிரசவம் பார்ப்பாய் என்று. விடுதி அறையில், மேஜையில், காற்று சிலிண்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பேன், ஜீப்பில் ஏற்றமாட்டேன் என்று ஜெசிந்தா சொன்னாள். அன்றிலிருந்து பார்வதம் சோறு தின்ன ஆரம்பித்தாள்.

விழா முடிந்து எல்லோரும் பால்பவுடர் பொட்டலத்தோடு கலைந்தபோது பார்வதம் பூட்டிய கதவின் முன்னால் நின்றாள்.

"அக்கா, என் ரூமு எங்க?"

"உனக்கு வலி வர்றதுக்குள்ள வாங்கிடுவேன்" என்றாள் ஜெசிந்தா.

அன்று முதல் அவளுக்கு அது ஒன்றே வேலையாயிற்று. செங்கல்பட்டு அலுவலகத்துக்கு நடையாக நடந்தாள். அறை வேண்டாம், சிலிண்டரையாவது கொடுங்கள் என்றாள். நரசிம்மன் வருத்தப்பட்டார். அழுகை அறையே கிடைத்த பிறகும் ஒரு நர்ஸ் எதற்காகத் தவிக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. அறையைப் பயன்படுத்தாததால்தான் இந்தத் தவிப்பு என்று சொன்னார். சாவி அவரிடம்தான் இருந்தது. அழ விரும்புகிறவர் ஓர் அஞ்சலட்டை போட்டால் அவரே நேரில் வந்து திறந்துவிடுவார். அட்டை போய்ச் சேர்ந்து அவர் ஜீப் கிடைத்து வருவதற்குள் யாருக்கும் அழுகை மிச்சமிருப்பதில்லை.

அறையில் ஒருவரும் அழாதது மேலிடத்துக்குத் தெரிந்தது. நரசிம்மன் சுற்றுவட்டார நர்ஸுகளை வேனில் ஏற்றி நண்டுமேட்டுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். முதல் நர்ஸ் வெகுநேரம் வெளியே வரவில்லை. நல்ல அழுகை போலிருக்கிறது என்று அவர் மகிழ்ந்து கதவைத் திறந்து பார்த்தால், அவள் விசிறிக்கு அடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்தவளும் தூங்கினாள். அதற்கடுத்தவள் தூங்குவதற்கு முன் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தாள். இரவு முழுக்க வேலை பார்த்தவர்கள் அவர்கள். ஒரு நாற்காலியும் சாத்திய கதவும் கிடைத்தால் வேறென்ன செய்வார்கள். நரசிம்மன் மனம் நொந்துபோனார். இது தூங்கும் அறை அல்ல என்று விதிகளோடு ஒன்றைச் சேர்த்தார்.

"அதுங்கள இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா எல்லாம் குணமாயிருக்கும்" என்றாள் செங்கம்மாள். அவள் சொன்னதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

கடைசியில் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. அலுவலர் முன்னிலையில் ஓர் ஊழியராவது அறையைப் பயன்படுத்தியதாக நேரில் கண்டு சான்று தராவிட்டால், திட்டமும் பதவியும் ரத்து. நரசிம்மனுக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இருந்தாள். மறுபடியும் மாட்டு வாய்க்குத் திரும்ப அவருக்கு விருப்பமில்லை. ராஜேந்திரனையும் சாவியையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே நண்டுமேட்டுக்கு வந்து வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜெசிந்தா வந்து நின்றதும், உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது அழலாம், அவசரமில்லை, நான் மாலைவரை இருப்பேன் என்றார்.

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. அழுதால் அறை திறக்கும், திறந்தால் சிலிண்டரை உருட்டி வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று அவள் நினைத்ததுண்டு. அதற்குள் தெரு முனையில் சத்தம் கேட்டது. இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க, புடவை நனைந்துபோய், பார்வதம் வந்துகொண்டிருந்தாள். மாயவன் விடியுமுன்னே கட்டுமரத்தில் போயிருந்தான்.

பிள்ளை காத்திருக்கவில்லை. தார்ப்பாய்க்குள் படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் தலை தெரிந்தது. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. ஜெசிந்தா அதை எடுத்துவிட்டு, பிள்ளையை வெளியே வாங்கினாள். ஆண் பிள்ளை. நாவல்பழ நிறத்தில், துவண்டு இருந்தது. அவள் விரலால் அதன் வாயைத் துடைத்தாள், தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், தன் வாயை வைத்து ஊதினாள். நெஞ்சுக்குள் எங்கோ துடிப்பு இருந்தது. மூச்சு இல்லை.

"செங்கம்மா, சிலிண்டர்" என்றாள்.

செங்கம்மாள் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"சார், ரூமத் தொறங்க. கொழந்த அழல."

"குழந்தை ஊழியர் இல்லையேம்மா. அது அழுதாலும் அழாவிட்டாலும் விதியில வராது" என்றார் நரசிம்மன். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. "சிஸ்டர் அழறாங்களா?"

"நர்ஸம்மா ஊதிகினு கீறாங்க சார். காத்து உள்ள கீது. மூடிவச்சிகீறீங்களே, அந்தக் காத்து."

நரசிம்மனுக்கு உண்மையிலேயே பதறியது. எழுந்து தார்ப்பாய் வரை போனார். பெண்கள் இருக்கிற இடமாயிற்றே என்று முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார்.

"சிஸ்டர், அறை திறந்தா எதுக்காகத் திறந்ததுன்னு நான் எழுதணும். அழுகை இல்லாமத் திறந்தா திட்டமே அடிபட்டுப்போகும். ரெண்டு சொட்டு போதும்மா. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன். காரணம்கூட நானே எழுதிக்கறேன்."

ஜெசிந்தாவின் வாய் பிள்ளையின் வாயில் இருந்தது. மூச்சு எடுக்கிற இடைவெளியில் சாவி என்றாள். மறுபடியும் ஊதினாள். மறுபடியும் சாவி என்றாள்.

"தர்றேன், தரமாட்டேன்னு சொல்லல. ஒரு சொட்டாவது கண்ணுல தெரியட்டும்."

அவள் முயன்றாள். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஊதிக்கொண்டே கண்ணை இறுக்கி மூடி ரத்னாவை நினைத்தாள். ஜீப்பின் பின்பக்கம் தொங்கிய ரத்னாவின் கையை நினைத்தாள். அடுத்தவர் வரப்பில் குனிந்து நிற்கிற அப்பாவை நினைத்தாள். ஒன்றும் வரவில்லை. கை வேலையில் இருக்கும்போது கண் அழாது, அப்படித்தான் அவளைப் பழக்கியிருந்தார்கள். அவள் முகம் கோணிக்கொண்டு போனதை மேஜையில் கிடந்த பார்வதம் பார்த்தாள்.

"இன்னாக்கா, இன்னா பண்றே?" என்று கேட்டாள். "எம்புள்ளைக்கு இன்னா?"

வெளியே செங்கம்மாள் அழுதுகொண்டிருந்தாள். வாய்விட்டு, மூக்கு ஒழுக, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இதப் பாருங்க சார், இது போதுமா, இதுக்குத் தொறங்க என்று அவர் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள். நரசிம்மன் தர்மசங்கடத்தோடு பின்வாங்கினார். நான்காம் நிலை ஊழியர்களையும் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி ஏற்கெனவே பரிந்துரை செய்திருப்பதாகவும், அடுத்த ஆண்டு நிச்சயம் வந்துவிடும் என்றும் சொன்னார். செங்கம்மாள் அவர் சட்டைப் பையில் கையை விட்டாள். ராஜேந்திரன் பாய்ந்து அவளைப் பிடித்து இழுத்தார். கூட வந்த பெண்களில் ஒருத்தி, பக்கத்தில் சிலை செதுக்குகிற கல்பட்டறைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன கருங்கல் துண்டு ஒன்றை எடுத்துப் பூட்டின்மேல் அடித்தாள். விடுதியில் உருப்படியாக இருந்தது அந்தப் பூட்டு ஒன்றுதான். புதுசு. கல் சில்லு சில்லாகத் தெறித்தது.

அவள் அடித்துக்கொண்டிருக்கும்போதே தார்ப்பாய்க்குள் ஊதுகிற சத்தம் நின்றது.

ஜெசிந்தா நிமிர்ந்தாள். பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு அதைத் துடைத்து, துணியில் சுற்றி, பார்வதத்தின் பக்கத்தில் படுக்க வைத்தாள். பார்வதம் விரலால் அதன் காதைத் தொட்டாள்.

அப்போதுதான் ஜெசிந்தாவுக்கு வந்தது. சத்தமில்லை. கன்னத்தில் வழிந்து, மோவாயில் சேர்ந்து, சீருடையில் சொட்டியது.

ராஜேந்திரன்தான் முதலில் பார்த்தார். சார் என்று மெதுவாகக் கூப்பிட்டார். நரசிம்மன் எட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி பரவியது. சாவியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய், கல்லால் அடித்துக்கொண்டிருந்தவளை நகரச் சொல்லிப் பூட்டைத் திறந்தார். விசிறியைப் போட்டார். சாய்வு நாற்காலியை நேராக்கினார். கைக்குட்டைகளில் மேலாக இருந்ததை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

"வாங்க சிஸ்டர். இப்பத் தாராளமா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க."

ஜெசிந்தா அவரைப் பார்க்கவில்லை. செங்கம்மாளை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லிப் பார்வதத்தை எழுப்பினாள். பார்வதம் பிள்ளையை விடவில்லை. மூன்று பேரும் அவரைத் தாண்டி உள்ளே போனார்கள். பின்னாலேயே மற்ற இரண்டு பெண்களும் போனார்கள். நோயாளிக்கு அனுமதி இல்லை என்று நரசிம்மன் ஆரம்பித்தார். ஒருவர் அழும்போது மற்றவர் என்று தொடர்ந்தார். கதவு சாத்தப்பட்டு உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

இருவரும் வராந்தாவில் நின்றார்கள். காற்று தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ராஜேந்திரன் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். உறவினர் மரணம் என்று போடு என்றார் நரசிம்மன். யாருடைய உறவினர் என்று கேட்டார் ராஜேந்திரன். அதை அவர்கள் கேட்கமாட்டார்கள் என்றார் நரசிம்மன். பிறகு கதவில் காதை வைத்துக் கேட்டார். விசிறி ஓடுவது மட்டும் கேட்டது.

"அமைதி ஆயிட்டாங்க" என்றார். "இவ்வளவு சீக்கிரம் நானே எதிர்பார்க்கல. பலன் உடனடின்னு எழுதிக்கோ."

கடற்கரைப் பக்கமிருந்து மாயவன் ஓடிவந்தான். கட்டுமரத்தை இழுத்துப் போட்டதும் யாரோ சொல்லியிருக்கிறார்கள், உன் பெண்சாதியை விடுதிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள் என்று. முழங்கால் வரை ஈரமணல். கையில் மீன்கூடை. மேஜை காலியாகக் கிடப்பதைப் பார்த்தான். சாத்தியிருந்த கதவைப் பார்த்தான். நர்ஸ் அவளுக்கு வாக்குக் கொடுத்த அதே அறை என்பதைக் கண்டு அவன் முகம் மலர்ந்தது.

"உள்ளதான் வச்சிகீறாங்களா சார்? பொறந்துச்சா?"

நரசிம்மனுக்கு அவன் யார் என்று தெரியவில்லை. உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதேப்பா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது. உள்ள அமைதியா இருக்காங்க."

மாயவன் குரலை அடக்கிக்கொண்டான். அவருக்குக் கைம்மாறாக என்ன தருவது என்று தெரியாமல் கூடையைக் கீழே வைத்து, துழாவி, இருந்ததிலேயே பெரிய வஞ்சிரத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். நரசிம்மன் மீன் தொடமாட்டார். ராஜேந்திரனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ராஜேந்திரன் அதை வாங்கிச் செய்தித்தாளில் சுற்றி ஜீப்புக்குள் கொண்டுபோய் வைத்தார்.

மாயவன் கையைத் தண்ணீர்த் தொட்டியில் கழுவிக்கொண்டான். பிள்ளையைத் தூக்க வேண்டுமே என்று நன்றாகத் தேய்த்துக் கழுவினான். பிறகு படியில் உட்கார்ந்து, கதவு திறப்பதற்காகக் காத்திருந்தான்.